ரோஸ் பஞ்சு, வெள்ளைப் பஞ்சு

நல்லூர், திருப்பூர்
6-7-2025, ஞாயிறு

அன்புள்ள நதியாவுக்கு,

நல்லூர் வீட்டிலிருந்து ராபின் எழுதுகிறேன். நான் சுகம். எல்லாரும் கடிதத்தின் முதல் வரியில் இதைச் சும்மா எழுதிவிட்டுப் போவார்கள். நான் கோயமுத்தூரில் ஒரு தோல் டாக்டரிடம் போய், முதுகில் ஒட்டுப் போட்டுக்கொண்டு, நாலு நாள் குளிக்காமல் கிடந்து, அவர் வாயால் கேட்ட பிறகு எழுதுகிறேன். நீயும் பாப்பாவும் அத்தையும் சுகமா? பாப்பாவுக்கு இன்றோடு ஐம்பத்தைந்து நாள். இவனுக்கு எப்படி நாள் கணக்குத் தெரியும் என்று முகத்தைத் திருப்பாதே. தினமும் காலண்டர் தாள் கிழிக்கும்போது எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதெல்லாம் போனில் சொல்ல வேண்டியது. டாக்டர் முடிவு சொன்ன அன்றே, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே உனக்கு அடித்தேன். அத்தைதான் எடுத்தார்கள். "புள்ளையும் தூங்குது, ஆத்தாளும் தூங்குது" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அடித்ததெல்லாம் மணி அடித்து ஓய்ந்தது. உன்மேல் குறை இல்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் நம்பரையே அழித்திருப்பேன். அதனால்தான் பேப்பரும் பேனாவும். செக்கிங் டேபிளில் எட்டு வருஷம் நின்றவள் நீ. ஒரு பீஸை உள்ளும் புறமும் புரட்டிப் பார்க்காமல் ஒருநாளும் தள்ளினதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் தள்ளு.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளை பிறந்ததால் நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் அத்தை துணியில் சுற்றிய பிள்ளையை என் முன்னால் நீட்டி, "இந்தாங்க மாப்ள, ஒங்க மகளப் புடிங்க" என்றார்கள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கட்டிலில் படுத்தபடி நீ பார்த்துக்கொண்டிருந்தாய். ஷிப்மென்ட் இருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி ஒரு மணி நேரத்தில் கிளம்பினேன். வாசலைத் தாண்டும்போது, "பொட்டப்புள்ளைன்னதும் கையக் கட்டிக்கிட்டுப் போறாரு பாரு" என்று அத்தை சொன்னது காதில் விழுந்தது. திரும்பி வந்து இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உண்மை தெரிவதைவிட அத்தை இப்படி நினைத்துக்கொள்வதே மேல் என்று அப்போது தோன்றியது. எனக்குத் தொழுநோய் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நதியா.

பதறாதே. இல்லை. இல்லவே இல்லை. டாக்டர் சோதித்து, சிரித்து, திட்டியும் அனுப்பிவிட்டார். கொஞ்சம் பொறுமையாகக் கேள், வரிசையாகச் சொல்கிறேன்.

நீ மார்ச் மாதம் வளைகாப்பு முடிந்து ஆண்டிபட்டிக்குப் போகும்போதே என் விரல் நுனியெல்லாம் உரிந்துகொண்டிருந்தது. வீரபாண்டி சாயப்பட்டறை வேலையால்தான் என்று நீயும் சொன்னாய், நானும் சொன்னேன், தெருவே சொன்னது. தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாய். அதற்காகத்தானே ஜனவரியில் சாயப்பட்டறையை விட்டு நல்லூரில் இந்தக் குழந்தை உடுப்புக் கம்பெனியில் பட்டன் மிஷினுக்கு வந்தேன். இங்கே சாயம் இல்லை, பிளீச்சிங் இல்லை. ஆனாலும் ஆறவில்லை. நீ போன பிறகு இன்னும் மோசமானது. தோல் வெடித்தது, தடித்தது, அங்கங்கே வெளுத்தது. ஏப்ரலில் ஆர்டர் இல்லாமல் கம்பெனிக்கு ஒரு வாரம் லீவு விட்டார்கள். அந்த வாரம் முழுக்க நான் ஒரு துணியைத் தொடவில்லை. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்கிறவரை நீ வாங்கித் தந்த பேஸ் கிதாரை வாசித்துக்கொண்டே இருந்தேன். நீ இல்லாத வீட்டில் வேறு என்ன செய்வது? வாரக் கடைசியில் பார்த்தால் கை இரண்டு மடங்கு கெட்டிருந்தது. வேலைக்கே போகாத வாரத்தில் கெடுகிறதென்றால் இது வேலையால் வந்ததில்லை, உடம்புக்குள்ளேயே இருக்கிறது என்று முடிவு கட்டினேன். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்தவன் கதைதான். பூனை யாரென்று கொஞ்ச நேரத்தில் உனக்கே தெரியும்.

பிறகு ஒரு காரியம் செய்தேன். அந்த நோய் வந்தால் தோலில் உணர்ச்சி போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. தையல் மிஷின் ஊசி ஒன்றை எடுத்து இடது கை ஆள்காட்டி விரல் நுனியில் குத்தினேன். வலிக்கவில்லை. அடுத்த விரலில் குத்தினேன். அதிலும் வலி இல்லை. நாலு விரலிலும் இல்லை. அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்து வாடை வந்த பிறகுதான் எழுந்தேன்.

எங்கள் பெரியப்பாவைப் பற்றி நான் உனக்குச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. சாத்தான்குளத்தில் அந்த நோயோடு இருந்த அவருக்குத் தட்டு தனி, தம்ளர் தனி, படுக்கை மாட்டுக் கொட்டகையில். நான் நாலைந்து வயதுப் பையன். என்னைத் தூக்க அவர் கை நீட்டும்போதெல்லாம் அம்மா எங்கிருந்தாலும் ஓடிவந்து என்னைப் பறித்துக்கொண்டு போவாள். அவர் முகம்கூட எனக்கு மறந்துவிட்டது. நீட்டின கையோடு அப்படியே நிற்பார், அது மட்டும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அத்தை பிள்ளையை நீட்டியபோது எனக்கு அவர்தான் கண்முன் வந்தார். நான் தொட்டு என் மகளுக்கு ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வேன்? அந்தப் பயத்தில் கையைக் கட்டிக்கொண்டேன். மற்றபடி அவளைப் பார்த்த அந்த ஒரு மணி நேரமும் நான் மூச்சே விடவில்லை. உன் மூக்கு, என் காது. சரிதானே?

சரி, இதைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. எங்கள் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற சித்ரகலாக்கா. சேவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். நான் கையை மறைக்கக் கையுறை போட்டுக்கொண்டு பட்டன் மிஷினில் உட்கார ஆரம்பித்திருந்தேன். மிஷின் கையுறையோடு விரலையும் சேர்த்து அடித்துவிடும் என்று திட்டிக் கழற்றச் சொன்னார். மழுப்பிப் பார்த்தேன், விடவில்லை. கழற்றினேன். அவர் ஒதுங்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. நீ ஒரு பனியனைப் பிடித்துப் பார்ப்பாயே, அப்படி இரண்டு கையையும் டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏனுங்க ராபின், இந்தக் கைல நாலு வெரலு, அந்தக் கைல ரெண்டு வெரலு. கட்டவெரலு ரெண்டும் சுத்தமா இருக்குதுங்க. சீக்கு வந்தா இப்புடி எண்ணிப் பாத்துட்டாங்க வரும்? இந்த ஆறு வெரல்ல மட்டும் என்னத்தையோ புடிக்கறீங்க. என்னங்க அது?"

விரல்களை நானும் எண்ணிப் பார்த்தேன். இடது கையில் நாலு விரல், கம்பியை அமுக்குவது. வலது கையில் இரண்டு விரல், கம்பியை இழுப்பது. இடது கட்டைவிரல் பின்னால் மரத்தில் கிடக்கும், வலது கட்டைவிரல் சும்மா ஊன்றியிருக்கும். பேஸ் கிதாருங்க என்றேன். நாளைக்கு அதை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

நீ வேலை பார்த்தது பெரியவர்கள் பனியன், அதில் பட்டன் கிடையாது, அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் தைப்பது வெளிநாட்டுக் கைக்குழந்தைகளுக்கான உடுப்பு. அதில் அடிக்கிற பிரஸ் பட்டனில் நிக்கல் இருக்கக் கூடாது. நிக்கல் சில பேர் தோலுக்கு ஆகாது, அரிக்கும், வெடிக்கும். பட்டன் வந்து இறங்கியதும் சித்ரகலாக்கா காது குடைகிற பஞ்சுக் குச்சியில் ஒரு மருந்தை நனைத்து, பட்டன்மேல் அரை நிமிஷம் தேய்ப்பார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் பாஸ். ரோஸ் நிறமானால் மொத்த லாட்டும் திரும்பிப் போகும். ஆறு மாதமாக இதைக் கண்ணெதிரில் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ஊர் பேர் தெரியாத குழந்தைகளுக்கு நிக்கல் இல்லாத பட்டனை அடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிக்கல் பூசிய கம்பியை மணிக்கணக்கில் தேய்த்திருக்கிறேன்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் டேபிள்மேல் கிதாரைப் படுக்க வைத்தோம். லைன் முழுக்கச் சுற்றி நின்றது. சித்ரகலாக்கா பஞ்சை நனைத்துத் தடித்த கம்பியில் தேய்த்தார். பஞ்சுமிட்டாய் பார்த்திருக்கிறாயே, அந்த ரோஸ். செக்கிங் மயிலாளக்கா, "லாட் ரிஜெக்ட்டு!" என்று கூவினார். எல்லாரும் சிரித்தார்கள். "இது நம்ம பட்டனா இருந்துச்சுன்னா நானு வந்த லாரியவே திருப்பி உட்டிருப்பனுங்க" என்றார் சித்ரகலாக்கா. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். நாற்பது பேர் முன்னால், வாயில் சோற்றோடு. என்ன ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. மயிலாளக்கா தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தார், நான் குடித்து முடித்ததும் வாங்கி அதே பாட்டிலில் அவரும் குடித்தார். அவருக்கு அது ஒன்றுமே இல்லை. எனக்கு அது எவ்வளவு என்று உனக்கு இப்போது புரியும்.

அக்கா பஞ்சை நம்பி நின்றுவிடவில்லை, டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று விரட்டினார். கோயமுத்தூர் டாக்டர் முதுகில் பொட்டுப் பொட்டாக ஒட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்து ஒரு தடவையும் நாலு நாள் கழித்து ஒரு தடவையும் பார்த்தார். நிக்கல் வைத்த பொட்டு மட்டும் சிவந்து தடித்திருந்தது. நான் ஊசியால் குத்திப் பார்த்த கதையைச் சொன்னேன். மனுஷன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "பத்து வருஷமா கம்பிய அமுக்கிக் காய்ச்சுப்போன வெரல்ல குத்தினா எப்படிய்யா வலிக்கும்?" என்று சொல்லிக்கொண்டே விரலின் பக்கவாட்டில் ஒரு குத்துக் குத்தினார். நான் கத்திய கத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த வலி மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

அதற்கப்புறம்தான் திட்டினார். அப்படியே தொழுநோயாக இருந்தாலும் மாத்திரை இருக்கிறது, காசில்லாமல் கொடுக்கிறார்கள், முழுசாகக் குணமாகும், பிள்ளையைத் தொட்டுத் தூக்குவதால் ஒட்டிக்கொள்ளாது, இதெல்லாம் தெரியாமலா இந்தக் காலத்தில் இருக்கிறாய் என்று கேட்டார். பெரியப்பாவின் தட்டு ஞாபகம் வந்தது. என் ஒருவனுக்கு இல்லை என்று மட்டும் சந்தோஷப்பட்டால் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து தடவுகிறேன். வெடிப்பெல்லாம் மூடிவிட்டது. புதுத் தோல் பாப்பா தோல் மாதிரி மெல்லிசாக வந்திருக்கிறது. இன்னும் தொடாத பாப்பாவின் தோல் எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே.

இனி கிதார் விஷயம். நீ தீபாவளி போனஸில் வாங்கித் தந்த கிதார்தான் காரணம் என்று நினைத்து மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. நீ வாங்கியபோது அதில் கறுப்பு நைலான் சுற்றிய கம்பி இருந்தது. சத்தம் மந்தமாக இருக்கிறது, பளிச்சென்று கேட்க வேண்டும் என்று போன வருஷம் ஆகஸ்டில் வெள்ளி மாதிரி மின்னுகிற கம்பியை மாட்டியது நான்தான். அடுத்த மாதமே தோல் உரிய ஆரம்பித்தது. அந்தக் கிதாரும் சாதாரணக் கிதார் இல்லை. "கோடே இல்லாத கட்டையில எடம் எப்படித் தெரியுது?" என்று நீ கேட்பாயே. குறுக்கே உலோகப் பட்டை இல்லாததால், இடத்தைக் காதால் தேடி விரலைக் கம்பியோடு இழைத்து இழைத்துத்தான் போக வேண்டும். அத்தனை இழைப்பும் நிக்கல்மேல். போதாததற்கு என் வேர்வை. அது பட்டால் ஊசியே துருப்பிடிக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

விற்றுவிடலாம் என்று உன் பழைய சேலையில் சுற்றிக்கூட வைத்துவிட்டேன். அப்புறம் ஒன்று நினைவு வந்தது. ஆறாம் மாதத்தில் நீ வயிற்றைக் கிதார் உடம்போடு ஒட்டிக்கொண்டு உட்காருவாய். தடித்த கம்பியை மெல்ல இழுத்தால் உள்ளே ஒரு உதை விடுவாள். அவளுக்கு என் முகம் தெரியாது. என் கை தெரியாது. என்னிடமிருந்து அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு சத்தம்தான். அதையும் விற்றுவிட்டு நான் எந்த முகத்தோடு அங்கே வருவது? சேலையைப் பிரித்துவிட்டேன்.

டாக்டரிடம் முடிவு கேட்ட அன்றே கிதார் கடைக்கும் போனேன். கடைக்காரர் மூன்று வகை எடுத்துப் போட்டார். ஒன்று, தட்டைக் கம்பி சுற்றியது. கட்டை மரத்தைத் தேய்க்காது, வழவழப்பாக இருக்கும். ஆனால் எவர்சில்வர், அதிலும் கொஞ்சம் நிக்கல் உண்டு. வேண்டாம் என்றேன். இரண்டு, உன் பழைய கறுப்பு நைலான். அதற்கே திரும்பிவிடலாம் என்று கை போனது, ஆனால் என் கிதாருக்கு வேண்டிய நாலு கம்பியில் ஒன்று அவரிடம் குறைந்தது. மூன்றாவது, கோட்டிங் போட்ட கம்பி. கம்பி மேலே பிளாஸ்டிக் மாதிரி ஒரு மெல்லிய பூச்சு. அதிலும் இரண்டு தினுசு. ஒன்றில் சுற்றுகிற இழைக்கு முதலிலேயே பூச்சுக் கொடுத்துப் பிறகு சுற்றுகிறார்கள், நாம் நூலுக்குச் சாயம் ஏற்றி அப்புறம் துணி ஓட்டுகிற மாதிரி. இன்னொன்றில் சுற்றி முடித்த கம்பியை இடுக்கெல்லாம் மூடுகிற மாதிரி மொத்தமாக மூடிவிடுகிறார்கள். முதல் தினுசுதான் சத்தம் பளிச்சென்று வரும் என்றார் கடைக்காரர். பளிச்சென்று கேட்டுப் பட்டது போதும் என்று மொத்தமாக மூடியதையே எடுத்தேன். தேயத் தேயப் பூச்சு கிளம்பும், பஞ்சு மாதிரி பிசிறு தெரிந்தால் மாற்றிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

இன்றைக்கு ஆராதனை முடிந்து வந்து மாட்டினேன். கம்பி நுனியில் பச்சை நூல் சுற்றியிருந்தது. பக்கத்து வீடுதானே, மயிலாளக்கா எட்டிப் பார்த்தவர், நான் திரும்புவதற்குள் இடுப்பில் செருகியிருந்த கத்தரியால் நாலு நுனியிலும் தொங்கின நூலைக் கத்தரித்துவிட்டார். பிசிறு இருந்தால் கை சும்மா இருக்காதாம். கம்பிச் சுற்றே பிரிந்துவிடும் என்று ஒரு நிமிஷம் எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, அந்த நூல் அழகுக்குத்தான்.

கடிதத்தை இன்றைக்குப் போடப் போவதில்லை. ஒரு வாரம் வாசித்துப் பார்த்து, பஞ்சு வைத்துப் பார்த்து, அதற்கப்புறம் போடுகிறேன். சோதிக்காத சரக்கை உனக்கு அனுப்ப எனக்குப் பயம்.

13-7-2025, ஞாயிறு

நதியா, ஒரு வாரம் ஆயிற்று. தினம் ஒரு மணி நேரம் வாசித்தேன். விரலில் அரிப்பு இல்லை, சிவப்பு இல்லை, உரியவும் இல்லை.

நேற்று மத்தியானம் மறுபடியும் செக்கிங் டேபிள். இந்தத் தடவை பொறுமை இல்லாமல் பஞ்சை நானே வாங்கித் தேய்த்தேன். ரோஸ். சித்ரகலாக்கா எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க, கம்பிய வெட்டுன நுனியில தேச்சா ரோஸு வராம வேறென்னங்க வரும்? அங்க கோட்டிங்கே இல்லீங்களே!" சுருதி கூட்டும் திருகில் சுற்றிவிட்டு மிச்சத்தை வெட்டிய முனையில் போய்த் தேய்த்திருக்கிறேன். அங்கே என் விரல் போகவே போகாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மா இல்லை. பிறகு அவரே நிதானமாக, விரல் படுகிற இடமெல்லாம், நாலு கம்பியும் பார்த்தார். வெள்ளைத் துணியைக் கொஞ்சம் உப்புத் தண்ணீரில் நனைத்து, என் வேர்வைக்குப் பதிலாக என்று சொல்லி, நூறு தடவை தேய்த்துவிட்டு மறுபடியும் பஞ்சு வைத்தார். வெள்ளை. நாலு கம்பியும் வெள்ளை. மாதம் ஒரு தடவை கொண்டுவர வேண்டும், மறந்தால் கம்பெனிக்குள் விடமாட்டேன் என்று கண்டிஷன் போட்டிருக்கிறார்.

சத்தம் எப்படி என்று கேட்பாய். பளபளப்பு இல்லை. உள்ளே யாரோ வாயை மூடிக்கொண்டு முனகிப் பாடுகிற மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. பாப்பாதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கவருக்குள் ஒரு சின்ன பாலிதீன் பை இருக்கும். அதில் இரண்டு பஞ்சுக் குச்சி, அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறேன். ரோஸ், பழைய கம்பி. வெள்ளை, புதுக் கம்பி. வாயால் சொன்னால் நம்பக் கூடாது, சாம்பிளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பாஸ் போட வேண்டும் என்று எத்தனை பேருக்கு நீ கற்றுக் கொடுத்திருக்கிறாய். டாக்டர் சீட்டின் நகலும் இருக்கிறது. அத்தைக்கு அதைப் படித்துக் காட்டு. பஞ்சையும் காட்டு. பெரியப்பா கதையையும் சொல், மறைக்க வேண்டாம். நான் ஏன் கையைக் கட்டினேன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் எந்தப் பஞ்சிலும் தெரியாது. நான் உன்னிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவளை, பெண் பிள்ளை என்றுதான் போகிறான் என்ற நினைப்போடு விட்டுவிட்டு வந்தேன். ஐம்பது நாளுக்கு மேல் அந்த நினைப்போடே இருக்கவும் விட்டேன். அதற்கு என்னிடம் டாக்டர் சீட்டு இல்லை. மன்னித்துக்கொள் என்று எழுதத்தான் தெரிகிறது.

எங்கள் மேனேஜர் மகுடேஸ்வரன் சாரிடம் மூன்று நாள் லீவு கேட்டேன். கதை கம்பெனி முழுக்கத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கிறது. "ஒரு வாரமே போயிட்டு வாங்க. பட்டனு எங்கயும் ஓடிப் போயிராதுங்க" என்று சொல்லி, மூன்று மாதக் குழந்தை அளவில் ஒரு மஞ்சள் உடுப்பையும் கொடுத்தார். என் மிஷினில் நான் பட்டன் அடித்த உடுப்பு. இதற்கு முன்னால் இரண்டு தடவை அவளுக்கென்று எடுத்து வைத்து, வெறும் கையால் தொடப் பயந்து, சித்ரகலாக்காவிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இதை நானே மடித்தேன். வெறும் கையால், நாலு தடவை பிரித்துப் பிரித்து மடித்தேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். மத்தியானத்துக்குள் ஆண்டிபட்டியில் இருப்பேன். கிதாரையும் கொண்டு வருகிறேன். சாம்பிள் பாஸ் என்றால் ஒரு மிஸ்டு கால் கொடு, பேசக்கூட வேண்டாம். பாஸ் இல்லை என்றாலும் வருவேன், உங்கள் வாசலில் நிற்பேன், நீ சொல்கிறவரை உள்ளே வரமாட்டேன். அத்தையிடம் மட்டும் ஒன்று கேட்டு வை. அன்றைக்கு நீட்டின மாதிரி இன்னும் ஒரே ஒரு தடவை பிள்ளையை என் முன்னால் நீட்டச் சொல்.

ராத்திரிக் காற்று படாமல் பார்த்துக்கொள். நீ நேரத்துக்குச் சாப்பிடு. பாப்பாவைக் கடவுள் காக்கட்டும், உன் குலசாமியும் என் சாமியும் சேர்ந்தே காக்கட்டும். எனக்காக அவள் தலையில் ஒரு தடவை கை வை, நதியா. சனிக்கிழமைவரை உன் கை போதும். அதற்கப்புறம் என்னை வைக்க விடு.

இப்படிக்கு,
உன்
ராபின்